எண்ணிக்கையா, பிழையா? பியானோப் பயிற்சியின் அலகு குறித்து

பியானோ மாணவருக்கு வீட்டில் செய்யச் சொல்லித் தரப்படுவது பெரும்பாலும் ஓர் எண்தான். நாளுக்கு ஒரு மணி நேரம். இந்த வரியைப் பத்து முறை. நேரத்தையும் எண்ணிக்கையையும் கொண்டு பயிற்சியை அளக்கும் இந்த வழக்கம் ஆழமாக வேரூன்றியது. அந்த அளவுகோல் பொருந்தாதது என்பதே என் வாதம். தவறு நேர்ந்த கணத்துக்கும் அதன் காரணம் பிடிபடும் கணத்துக்கும் இடையில் மாணவர் என்ன செய்கிறார் என்பதுதான் பயிற்சியின் தரத்தை முடிவு செய்கிறது.

எண்ணிக்கைமேல் வைத்த நம்பிக்கை 19ஆம் நூற்றாண்டில் ஒரு கோட்பாடாகவே வளர்ந்தது. லோஜியே என்பவர் 1814இல் காப்புரிமை பெற்ற சிரோபிளாஸ்ட் என்ற கருவி, கையையும் மணிக்கட்டையும் ஒரு சட்டத்துக்குள் நிறுத்தி, விரல்களை மட்டும் அசையவிட்டது. விரலைத் தனியே பிரித்துப் போதுமான தடவை அசைத்தால் வாசிப்பு தானே கைவரும் என்பது அதன் அடிப்படை. 1873இல் வெளியான ஹானோனின் 60 பயிற்சிகளும் இதே எண்ணத்தில் எழுந்தவை. முழுத் தொகுப்பையும் ஒரு மணி நேரத்தில் வாசித்துவிடலாம், அதை நாள்தோறும் செய்க என்பது அவர் அறிவுரை. இன்றும் பல ஆசிரியர்களின் மேசையில் அந்த நூல் இருக்கிறது.

அதே நூற்றாண்டில் இதற்கு நேரெதிராகச் சிந்தித்தவர் ஷோபன். நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வாசிக்க வேண்டாம் என்று அவர் தடுத்ததை அவருடைய மாணவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஸ்கேல்களை அவர் தொடங்கியது சி மேஜரில் அல்ல, பி மேஜரில். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பி மேஜரில் வலக்கையின் நீண்ட விரல்கள் உயர்ந்து நிற்கும் கறுப்புக் கட்டைகளில் இயல்பாக அமர்கின்றன. குட்டையான கட்டைவிரல் பி, ஈ என்ற இரண்டு வெள்ளைக் கட்டைகளுக்கு மட்டும் வருகிறது. கறுப்புக் கட்டையே இல்லாத சி மேஜர் படிக்க எளிது, கைக்கோ கடினம். எனவே அதைக் கடைசிக்குத் தள்ளினார். சிரோபிளாஸ்ட் கையைக் கருவிக்கு ஏற்ப வளைக்கப் பார்த்தது. ஷோபன் கையின் அமைப்பைப் பார்த்துப் பாடத்தின் வரிசையையே மாற்றினார். தடுமாற்றத்துக்குக் காரணம் என்ன என்று கேட்ட ஒருவரால்தான் இப்படி மாற்ற முடியும்.

ஷோபனின் உள்ளுணர்வுக்கு வலுச்சேர்க்கும் சான்று 2009இல் டியூக், சிம்மன்ஸ், கேஷ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில் கிடைக்கிறது. பல்கலைக்கழக அளவில் பியானோவை முதன்மைப் பாடமாகக் கொண்ட 17 பேருக்கு, ஷோஸ்டகோவிச்சின் முதல் பியானோ கன்செர்ட்டோவிலிருந்து ஒரு சிறு பகுதி தரப்பட்டது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் பழகலாம். மறுநாள் மீண்டும் பழகாமல் வாசிக்க வேண்டும். அந்த வாசிப்பு தரவரிசைப்படுத்தப்பட்டது. பழகிய நேரத்துக்கும் தரவரிசைக்கும் தொடர்பில்லை. எத்தனை முறை வாசித்தார்கள் என்பதற்கும் இல்லை. எத்தனை முறை சரியாக வாசித்தார்கள் என்பதற்குக்கூட இல்லை என்பதுதான் நம் வகுப்பறைகள் கவனிக்க வேண்டியது. தவறாக வாசித்த தடவைகள் கூடக்கூடத் தரம் இறங்கியது. முன்னிடம் பெற்றவர்கள் தவறு நேர்ந்ததும் நிறுத்தினார்கள், அது எங்கே, எதனால் என்று துல்லியமாகக் கண்டார்கள், அந்த இடத்தை மட்டும் வேகத்தைக் குறைத்தும் கூட்டியும் உறுதிப்படும்வரை வாசித்தார்கள். பழகும் நேரத்தில் அவர்களிடம் மௌன இடைவெளிகளும் இருந்தன. பக்கத்து அறையிலிருந்து கேட்கும் பெற்றோருக்கு அந்த மௌனம் சோம்பலாகத் தோன்றக்கூடும். வேலை நடப்பது அங்கேதான்.

காரணம் காண்பது என்றால் என்ன? சி மேஜர் ஸ்கேலில் வலக்கை மேலேறும்போது எஃப் மட்டும் 'டொக்' என்று தடித்து ஒலிப்பதை ஆசிரியர்கள் தினமும் கேட்கிறார்கள். மாணவர் எஃப்பை மெதுவாகத் தட்ட முயன்று திரும்பத் திரும்ப வாசிப்பார், தடிப்பு போகாது. பிழை எஃப்பில் கேட்கிறதே தவிர அங்கே பிறப்பதில்லை. நடுவிரல் ஈயில் இருக்கும்போதே முன்கை வலப்பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். அது நகராததால் கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் நீண்டு துழாவி, கடைசி நொடியில் கட்டைமேல் விழுகிறது. ஈ, எஃப் இரண்டை மட்டும் எடுத்து, முழங்கை எப்போது கிளம்புகிறது என்று பார்த்தால் சில நிமிடங்களில் தீரும். பார்க்காமல் ஸ்கேலை நூறு முறை ஓட்டினால் அந்தத் துழாவலே நூறு முறை பழக்கமாகிறது. 'மெதுவாக வாசி' என்ற அறிவுரையின் எல்லையும் இங்கே தெரிகிறது. மெதுவான வேகத்தில் கட்டைவிரல் அடியில் புகுந்து செல்ல நேரம் இருக்கும். வேகம் கூடினால் கை முழுவதுமே இடம்பெயர வேண்டும். இரண்டும் வெவ்வேறு அசைவுகள். மெட்ரோனோமை ஒவ்வொரு புள்ளியாக ஏற்றிக்கொண்டே போவதால் ஒன்று மற்றொன்றாக மாறிவிடாது.

எரிக்சனும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட பெர்லின் ஆய்வை முன்வைத்து மறுப்பு எழலாம். தேர்ந்த பியானோக் கலைஞர்களும் பொழுதுபோக்காக வாசிப்பவர்களும் வாழ்நாளில் குவித்த பயிற்சி நேரத்தில் பெரிதும் வேறுபட்டார்கள் என்று அது காட்டியது உண்மை. ஆனால் அவர்கள் எண்ணியது வெறும் வாசிப்பு நேரத்தை அல்ல. குறையைத் திருத்தும் நோக்கத்தோடு, முழுக் கவனத்தோடு, தனியே செய்த பயிற்சியை. அந்த வரையறை உதிர்ந்து மணிக்கணக்கு மட்டுமே பொதுவெளியில் நிலைத்துவிட்டது வருந்தத்தக்கது. 2009 ஆய்வுக்கும் வரம்பு உண்டு. ஆட்கள் சிலரே, ஒரே அமர்வு, மிகச் சிறிய பகுதி. ஆண்டுகள் கணக்கில் நேரம் தேவையில்லை என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது. சம தகுதியுள்ளவர்களுக்கிடையே ஒரு நாள் வேலையை நேரம் பிரித்துக்காட்டவில்லை என்பதே அது சொல்வது. என் வாதத்துக்கு அது போதும்.

கருவியைத் தொடாமல் பழகுவதையும் இதே கண்ணோட்டத்தில் பார்க்கலாம். 1995இல் பாஸ்குவல்-லியோனே குழுவினர், ஐந்து விரல் பயிற்சி ஒன்றை ஐந்து நாள் மனத்தில் மட்டுமே வாசித்தவர்களின் மூளையிலும் அந்த விரல்களை இயக்கும் பகுதி விரிந்ததைக் கண்டார்கள். வாசிப்பில் அவர்கள் கையால் பழகியவர்களை எட்டவில்லை. ஆனால் ஒரே ஓர் அமர்வு கருவியில் அமர்ந்ததும் இடைவெளி பெரும்பாலும் மறைந்தது. விரல் கட்டையைத் தொடாதபோது எண்ணிக்கை என்ற அலகுக்குப் பொருளே இல்லாமல் போகிறது.

நடைமுறையில் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. பிழையின் காரணத்தைத் தானே கண்டுபிடிக்கும் காது தொடக்கநிலை மாணவருக்கு இன்னும் உருவாகியிருக்காது. 2009 ஆய்வில் வாசித்த 17 பேரும் பல ஆண்டு பழகியவர்கள். எனவே வாராந்தர வகுப்பில் முழு உருப்படியையும் வாசித்துக் காட்டச் சொல்லித் திருத்துவதைக் குறைத்து, பாதி நேரமாவது மாணவரை ஆசிரியர் முன்னிலையில் பழகவிட வேண்டும். தவறியதும் உடனே சொல்லிவிடாமல், 'எங்கே இடறியது, அதற்கு முந்தைய ஸ்வரத்தில் கை எங்கே இருந்தது?' என்று கேட்டுக் காத்திருக்க வேண்டும். வீட்டுக் குறிப்பேட்டில் 'பத்து முறை' என்பதற்குப் பதிலாக, இடறும் இரண்டு ஸ்வரங்களையும் மாணவரே கண்டுசொன்ன காரணத்தையும் அவர் கையெழுத்திலேயே எழுதவைக்கலாம். அடுத்த வாரம் ஆசிரியர் முதலில் கேட்டுப்பார்க்க வேண்டியது அந்த இரண்டு ஸ்வரங்களைத்தான்.