ஜகதீஷ் பகவதியும் பன்னாட்டு வணிகக் கோட்பாடும்

பொருளியல் அறிஞர் ஜகதீஷ் பகவதி 1934இல் பம்பாயில் ஒரு குஜராத்திக் குடும்பத்தில் பிறந்தார். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த பி. என். பகவதி அவருடைய அண்ணன். சிடன்ஹாம் கல்லூரியில் படித்தபின், 1956இல் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றது 1967இல்தான். அதற்குள் அவர் பெயரை நிலைநாட்டிய கட்டுரைகள் பல வெளிவந்துவிட்டன.

அவற்றில் ஒன்று 1958இல் வந்தது. ஒரு விளைபொருளின் உலகச் சந்தையில் பெரும்பங்கு வைத்திருக்கும் நாடு அதையே மேலும் விளைவித்து ஏற்றுமதி செய்கிறது. அயல்நாட்டாரின் தேவையோ அந்த அளவுக்குக் கூடவில்லை. அப்போது விலை சரியும். சரிவு மிகுந்தால், விளைச்சல் பெருகியும் அந்நாடு முன்பைவிட ஏழையாகிவிடும் என்று பகவதி நிறுவினார். 'வறுமையாக்கும் வளர்ச்சி' என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான்.

1960களில் அவர் தில்லி பொருளியல் பள்ளியில் பன்னாட்டு வணிகப் பேராசிரியர். இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டியிருந்த காலம் அது. ஏழை நாடுகளில் கூலியும் விலையும் சரியாக அமைவதில்லை, ஆகவே சுங்கவரி விதித்துத் தொழில்களைக் காக்க வேண்டும் என்ற வாதம் அன்று வலுவாக இருந்தது. அரசின் பொருளியல் ஆலோசகராகப் பணியாற்றிய வி. கே. ராமசாமியுடன் 1963இல் எழுதிய கட்டுரையில் பகவதி இதற்கு விடை சொன்னார். ஆலைக் கூலி அளவுக்கு மேல் இருப்பதுதான் குறை என்றால், ஆட்களை அமர்த்துவதற்கு மானியம் கொடுப்பதே நேரான வழி. சுங்கவரியும் உற்பத்தியைக் கூட்டும்; ஆனால் வாங்குவோர் தலையில் வீண் விலையை ஏற்றிவிடும். சந்தையின் குறைகளை மறைக்காமலே தடையற்ற வணிகத்துக்காக வாதாடியதால், அவருடைய ஆய்வுகளில் இதுவே மிக உறுதியானது எனலாம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்த டி. என். சீனிவாசனும் அவருடைய நெடுநாள் கூட்டாளி. இந்தியாவின் அயல்வணிகக் கட்டுப்பாடுகளை ஆராய்ந்த இருவரின் நூல் 1975இல் வெளிவந்தது. லைசென்ஸ் பெறுவதற்காக நிறுவனங்கள் செலவிடும் பணமும் உழைப்பும் லாபம் தரும், ஆனால் எந்தப் பொருளையும் உண்டாக்காது என்பதை 1982இல் பகவதி தனிக் கோட்பாடாகவே வகுத்தார்.

1968 முதல் எம்.ஐ.டி.யிலும் 1980 முதல் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். பொருளியல் அறிஞர் பால் குரூக்மன் அவரிடம் படித்தவர். 1990களில், நாடுகள் தங்களுக்குள் தனித்தனியே செய்துகொண்ட சலுகை ஒப்பந்தங்களை அவர் கடுமையாக எதிர்த்தார்: அவற்றால் ஒரே சரக்குக்கு, அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்துப் பல வரிவிகிதங்கள் வந்துவிடுகின்றன.