பாத்தரி: சாத்தானிடமிருந்து ஓடினுக்கு

மெட்டல் இசை என்றாலே "காட்டுக்கத்தல்" என்று காதைப் பொத்திக்கொள்பவர்கள் நிறைய. அந்தக் கத்தலுக்குள்ளும் ஒரு சுவாரசியமான வரலாறு இருக்கிறது. சாத்தானைப் பாடிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று வைக்கிங்குகளைப் பாடத் தொடங்கியது ஏன்? அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

1983-ல் ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் பாத்தரி என்ற குழு உருவானது (பாதிரி அல்ல, பாத்தரி!). எலிசபெத் பாத்தரி என்ற ஹங்கேரியச் சீமாட்டியின் பெயர் அது. பல பெண்களைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர். குழுவைத் தொடங்கிய தாமஸ் ஃபோர்ஸ்பெர்க் 1966-ல் பிறந்தவர், அதாவது அப்போது நம் வயதுதான். குவார்தன் என்பது அவர் வைத்துக்கொண்ட மேடைப்பெயர்.

மேடைப்பெயர் என்றேனே தவிர, அவர் மேடை ஏறியது குறைவு. ஆரம்ப காலத்தில் சில கச்சேரிகள், அதன்பின் ஸ்டூடியோ மட்டும்தான். ஒரு கராஜை மாற்றி அமைத்த ஹெவன்ஷோர் என்ற இடத்தில் பதிவு செய்தார்கள். அந்த ஒலியின் கரகரப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

1984, 1985, 1987-ல் வந்த முதல் மூன்று ஆல்பங்களும் சாத்தான், சூனியம், இருட்டு என்றுதான் போயின. இங்கிலாந்தின் வெனம் குழு 1982-ல் "பிளாக் மெட்டல்" என்று ஒரு ஆல்பம் வெளியிட்டு இந்த வகைக்குப் பெயர் கொடுத்தது என்றால், அதற்கு முழு உருவம் கொடுத்ததில் பாத்தரிக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மூன்றுக்குப் பிறகு 1988-ல் வந்ததுதான் "பிளட் ஃபயர் டெத்".

முதல் தடத்தில் பாட்டே கிடையாது. குதிரைகள் கனைக்கும் சத்தம், பின்னால் கோரஸ் போல எழும் இசை. ஓடின் வடதேசத்தின் மேல் சவாரி போகிறார் என்பதுதான் தலைப்பு. ஓடின் என்பவர் கிறிஸ்தவம் வருவதற்கு முன்பு ஸ்காண்டிநேவியர்கள் வணங்கிய தலைமைக் கடவுள். அடுத்து வரும் "எ ஃபைன் டே டு டை" மெதுவான கிதாரில் தொடங்கி எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. ஆல்பத்தின் பெயரையே கொண்ட கடைசிப் பாடல் பத்து நிமிடத்தைத் தாண்டுகிறது.

நடுவில் இருக்கும் பாடல்களோ பழைய பாத்தரிதான், அதே வேகம், அதே கத்தல். "தி கோல்டன் வால்ஸ் ஆஃப் ஹெவன்" பாடலில் வரிகளின் முதல் எழுத்துகளை மேலிருந்து கீழாகப் படித்தால் "சாத்தான்" என்ற ஆங்கிலச் சொல் திரும்பத் திரும்ப வரும்! ஆக, வாசலில் ஓடின், உள்ளறையில் இன்னும் சாத்தான். இந்த ஆல்பத்தைப் பாலம் என்று சொல்வது இதனால்தான். 1990-ல் வந்த "ஹேமர்ஹார்ட்" ஆல்பத்தில் சாத்தான் காணாமலே போய்விட்டார்.

சரி, ஏன் இந்த மாற்றம்? குவார்தன் பின்னாளில் சொன்ன காரணம் எளிமையானது. சாத்தானும் கிறிஸ்தவம் சொல்லும் கதையில் ஒரு பாத்திரம்தான். சாத்தானைப் புகழ்ந்தாலும் அந்தக் கதைக்குள்ளேதான் நிற்கிறோம். வெளியே வர வேண்டுமானால் தேவாலயம் வருவதற்கு முந்தைய ஸ்வீடனுக்குப் போக வேண்டும். ஸ்வீடனில் 2000 வரை தேவாலயம் அரசோடு இணைந்திருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த யோசனையின் பின்னணி புரியும்.

ஆனால் அந்தப் பழைய காலத்துக்கு நேராகப் போக முடியுமா? ஆல்பத்தின் அட்டைப்படத்தையே பாருங்கள். இறந்தவர்களின் கூட்டம் குதிரைகளில் வானத்தில் பாய்ந்து போகும் அந்த ஓவியம் நார்வே ஓவியர் பீட்டர் நிக்கோலாய் ஆர்போ 1872-ல் வரைந்தது. அப்போது நார்வே, ஸ்வீடன் மன்னரின் கீழ் இருந்தது. தங்களுக்கென்று ஒரு பெருமைமிக்க பழங்காலத்தை நார்வேக்காரர்கள் தேடிக்கொண்டிருந்த நூற்றாண்டு அது. ஓடின், தோர் கதைகளில் பெரும்பகுதி நமக்குக் கிடைப்பதும் 13-ம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட நூல்களிலிருந்து. அவற்றில் முக்கியமான ஒன்றை எழுதிய ஸ்னோரி ஸ்டுர்லுசன் ஒரு கிறிஸ்தவர்! கிறிஸ்தவத்துக்கு முந்தைய உலகைப் பார்க்கவும் ஒரு கிறிஸ்தவரின் எழுத்துதான் வேண்டியிருக்கிறது.

இது வெறும் புத்தக விவாதம் இல்லை. 1992-ல் நார்வேயின் பெர்கன் நகரில், சுமார் 1150-ல் கட்டப்பட்ட ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து வேறு தேவாலயங்களும் எரிந்தன. இந்தத் தீவைப்புகளில் பிளாக் மெட்டல் வட்டத்தைச் சேர்ந்தவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அந்நிய மதத்திடமிருந்து முன்னோரின் நாட்டை மீட்பதாகச் சிலர் நியாயம் பேசினார்கள். எரிந்ததும் முன்னோர் கட்டியதுதான் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. அதே வைக்கிங் சின்னங்களை இனவெறிக் குழுக்களும் பயன்படுத்திக்கொண்டன.

அதே விதையிலிருந்து நல்லதும் முளைத்தது. நார்வேயின் என்ஸ்லேவ்ட் போன்ற குழுக்கள் இந்தப் பாதையில் இசையை வெகுதூரம் கொண்டுபோயின. குவார்தன் 2004-ல், 38 வயதில், இதயக் கோளாறால் இறந்தார். அவர் கடைசியாக வெளியிட்ட இரண்டு ஆல்பங்களின் பெயர் "நார்ட்லாண்ட்". 1988-ல் ஓடின் சவாரி போன அதே வடதேசம்!

என் கருத்து இதுதான். "பிளட் ஃபயர் டெத்" 9-ம் நூற்றாண்டின் சத்தம் இல்லை. 22 வயது இளைஞர் ஒருவர் 19-ம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றை அட்டையில் வைத்து, கராஜில் உட்கார்ந்து கண்ட கனவு. கனவு என்று தெரிந்து கேட்டால் அற்புதமான ஆல்பம். முதல் இரண்டு தடங்களை மட்டுமாவது இரவில் ஹெட்போனில் கேட்டுவிட்டு, எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.