குதமும் பங்கும்

இறக்கக்கண்டிக் கரையில் பங்கு என்ற சொல்லுக்குக் கொழும்புப் பங்குச் சந்தையினும் மூத்த பொருள் ஒன்று உண்டு. கரைவலையை இழுத்து முடித்தபின், வலைக்கும் தோணிக்கும் உரிய பாகத்தைச் சம்மாட்டி எடுத்துக்கொள்ள, எஞ்சியதை இழுத்தவர்கள் பகிர்ந்துகொள்வதே அப்பங்கு. ஒரு வலையின் பெறுமதியை மதிப்பிட வேண்டிய சந்தர்ப்பத்தில், கச்சான் மாதங்களில் ஒருநாள் அகப்பட்ட பெரும்பாட்டை மாத்திரம் கருதாமல், வாடைக் காலத்தில் வலை சும்மா கிடக்கும் நாட்களையும் சேர்த்து எண்ணுவதே கடலறிந்தவர் வழக்கம்.

இந்த நியாயத்தை மனத்திற்கொண்டு, நிலாவெளியைக் கடந்து தெற்கே சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களை நோக்கலாம். பிரித்தானியர் தம் கடற்படைக்கென நிறுவி, 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒன்றை இழந்து, 1957இல் தளத்தை விட்டகன்ற பின்னர், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும் இந்த இரும்புப் பாண்டங்களில் பெரும்பாலானவை பல தசாப்தங்கள் காட்டுக்குள்ளே வெறுமையாய் நின்றன. 1987ஆம் ஆண்டின் இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலும் இவற்றைக் கூட்டாகப் புனரமைக்கும் வாக்குறுதி இடம்பெற்றது. வாக்குறுதியினால் ஒரு குதமும் நிரம்பவில்லை.

எண்ணெயை இறக்கிச் சேமித்து விநியோகிக்கும் லங்கா ஐ.ஓ.சி. கம்பனி 2003இல் இங்கே கால்வைத்து, 2004இல் தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றது. 2022இன் நெருக்கடியிலே, மண்ணெண்ணெய் கிடையாமல் படகுகள் கரையேறிக் கிடக்க, அதன் அரசாங்க விலையும் ஓகஸ்ட் மாதத்தில் லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறிய அதே வருஷத்தில், அக்கம்பனியின் பங்கு விலை பல மடங்கு உயர்ந்தது. பட்டினியோடு வரிசையில் நின்றவர்களை நினைக்கும்போது அந்த உயர்வு நெஞ்சை உறுத்துகின்றது. எனினும் உறுத்தல் வேறு, மதிப்பீடு வேறு. பஞ்ச காலத்தில் கிடைத்த இலாபத்தை நிரந்தர வருமானமாகப் பாவித்துப் பெருக்கியோர், பெரும்பாடு கிடைத்த அந்நாளை வைத்தே வலையை விலைபேசினர். அந்த இலாபம் நிலைக்கும் என்பதற்கு உறுதியும் இல்லை; 2023இல் சீனாவின் சினோபெக் நிறுவனமும் எரிபொருள் சில்லறை விற்பனையில் போட்டிக்கு வந்து சேர்ந்தது.

குதங்களின் கணக்கிலும் இதே தவறு நேர்கின்றது. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி, நிற்கும் 99 குதங்களில் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் 14 லங்கா ஐ.ஓ.சி.க்கும் உரியன; மிகுதி 61 இரண்டுக்கும் பொதுவான கம்பனிக்கு, அதிலும் 49 சதவீதமே லங்கா ஐ.ஓ.சி.க்கு. ஆகவே பங்குதாரர் தமதெனக் கருதத்தக்கது பதினான்கோடு ஏறக்குறைய 30 குதங்களே. குதத்தின் மதிப்போ இரும்பின் எடையில் இல்லை. வருஷத்தில் எத்தனை முறை நிரம்பி ஒழிகின்றது என்பதில் இருக்கின்றது. பழுது பார்ப்பதற்கு முதலிட்டு, குழாய் பதித்து, கப்பலைத் துறைக்கு வரவழைத்து, அவற்றில் எண்ணெய் ஏறி இறங்கக் காணும்வரை, அந்த முப்பதை இன்றைய பங்கு விலையில் சேர்த்தெண்ண நான் துணியேன்.