மண்ணில் சீரியம், உடலில் மக்னீசியம் குறைவு: கேரளாவின் மர்ம இதய நோய் சொல்வது என்ன?

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் இருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் கடல். அந்தக் கரையோடு வடக்கே போனால் கொல்லம் மாவட்டத்தின் சவரா, தெற்கே போனால் கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி. இரண்டு ஊர்களிலும் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது. அதில் தோரியத்தோடு சீரியம் போன்ற அரிய மண் தனிமங்களும் உண்டு.

இந்த மண்ணுக்கும் ஏழைக் குழந்தைகளைத் தாக்கிய ஓர் இதய நோய்க்கும் தொடர்பு இருக்குமா? திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்ரா திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 1980-களில் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது.

அது என்ன நோய்?

எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ், சுருக்கமாக ஈ.எம்.எஃப். இதயத்தின் உள்சுவர் நார்த்திசுவாகத் தடித்து இறுகிவிடும். இதயம் சுருங்கும், ஆனால் சரியாக விரியாது. அதனால் ரத்தம் பின்னால் தேங்கும், வயிற்றில் நீர் கோர்க்கும். 1940-களில் உகாண்டாவில் மருத்துவர் ஜே.என்.பி. டேவிஸ் இதை விவரித்தார். பிறகு கேரளாவிலும் அதிகம் காணப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஏழைக் குடும்பத்துச் சிறுவர்களும் இளைஞர்களும்தான்.

ஸ்ரீசித்ராவின் அப்போதைய இயக்குநர், இதய அறுவை சிகிச்சை நிபுணர் எம்.எஸ். வலியத்தான், தடித்த திசுவை வெட்டி நீக்கும் அறுவை சிகிச்சையைச் செய்துவந்தார். அதோடு நிற்காமல், நோய் ஏன் வருகிறது என்று சி.சி. கர்த்தா உள்ளிட்ட சக ஆய்வாளர்களோடு தேடினார்.

என்ன கண்டார்கள்?

நோயாளிகளின் இதயத் திசுவில் மற்றவர்களைவிட சீரியம் அதிகமாகவும் மக்னீசியம் குறைவாகவும் இருந்தது. நோய் அதிகம் உள்ள பகுதிகளில் விளைந்த கிழங்குகளிலும் சீரியம் கூடுதலாகத் தெரிந்தது. மரவள்ளி, அதாவது தென்திருவிதாங்கூர்க்காரர்கள் சொல்லும் மரச்சீனி, அந்தக் கால ஏழை வீடுகளின் முக்கிய உணவு. கனமழை அரித்துச் செல்வதால் கேரள மண்ணில் பல இடங்களில் மக்னீசியம் குறைவு என்பதும் தெரிந்த விஷயம்தான்.

இதை வைத்து 1980-களின் இறுதியில் 'புவிவேதியியல் கருதுகோள்' முன்வைக்கப்பட்டது. மக்னீசியம் குறைந்த உடலில் சீரியம் சேர்ந்தால் இதயம் பாதிக்கப்படலாம் என்பது அதன் சாரம். மக்னீசியம் குறைந்த உணவோடு சீரியமும் கொடுக்கப்பட்ட எலிகளின் இதயத்தில் பாதிப்பு தெரிந்தது.

சீரியத்துக்கு இதயத்தில் என்ன வேலை?

எந்த வேலையும் இல்லை. சிக்கலே அங்கேதான். கால்சியம் அயனியின் ஆரம் சுமார் 1.00 ஆங்ஸ்ட்ராம், சீரியம் அயனியின் ஆரம் சுமார் 1.01. அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், மின்சுமை மட்டும் வேறு. அதனால் கால்சியம் உட்காரவேண்டிய இடத்தில் சீரியமும் போய் உட்கார முடியும். பூட்டுக்குள் நுழைந்துவிட்ட வேறு சாவி மாதிரி: நுழையும், ஆனால் திறக்காது.

இதே விளையாட்டை மற்ற தனிமங்களும் ஆடுகின்றன. ஸ்ட்ரான்சியம் கால்சியம் போல எலும்பில் சேர்கிறது. ஈயமும் கால்சியம் வேடம் போடும். இரும்பு, கால்சியம் குறைவாக உள்ள குழந்தைகளின் குடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். ஆக, நஞ்சு எவ்வளவு உள்ளே போகிறது என்பது மட்டும் கணக்கில்லை. அந்த நேரத்தில் உடலில் எது குறைவு என்பதும் கணக்குதான்.

அப்படியென்றால் நிரூபணம் ஆகிவிட்டதா?

இல்லை. அதே மண், அதே கிழங்கு, ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நோய் வரவில்லை. ஊட்டச்சத்துக் குறைவு, ஒட்டுண்ணித் தொற்று, ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்களின் பெருக்கம் ஆகியவையும் காரணங்களாகப் பேசப்படுகின்றன.

இன்னொரு முக்கியமான விஷயம்: கடந்த சில பத்தாண்டுகளில் கேரளாவில் ஈ.எம்.எஃப். வெகுவாகக் குறைந்துவிட்டது. மணல் மாறவில்லை, மாறியது வாழ்க்கைதான். உணவு பலவகைப்பட்டது, வறுமையும் தொற்றும் குறைந்தன. சீரியம் மட்டுமே காரணம் என்றால் இந்தச் சரிவை விளக்குவது கடினம். சமநிலையும் சேர்ந்துதான் காரணம் என்றால் ஓரளவு பொருந்துகிறது. ஆனால் பொருந்துவது வேறு, நிரூபணம் வேறு.

நீங்கள் என்ன செய்யலாம்?

மரச்சீனியைக் கண்டு பயப்பட வேண்டாம். நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்து, மீனோ பயறோ சேர்த்துச் சாப்பிடுங்கள். அது மட்டுமே மூன்று வேளைச் சாப்பாடாக இருப்பதுதான் பிரச்சினை. கேழ்வரகு, கம்பு, கீரை, நிலக்கடலை, பயறு வகைகளில் மக்னீசியம் நிறைய உண்டு.

'மினரல் நல்லதுதானே' என்று மாத்திரையை அள்ளிப் போடவும் வேண்டாம். துத்தநாக மாத்திரையை அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால், குடல் செம்பை உறிஞ்சுவது குறையும். அதனால் ரத்தசோகை, நரம்புப் பாதிப்புகூட வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மக்னீசியம் மாத்திரையே ஆபத்தாகலாம். எந்த மாத்திரையாக இருந்தாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார். அவர் எழுப்பிய கேள்விக்கு முழு விடை இன்னும் இல்லை. ஆனால் ஒரு நோயாளியின் இதயத்தைப் புரிந்துகொள்ள அவர் சாப்பிட்ட கிழங்கையும் அது விளைந்த மண்ணையும் பார்க்க வேண்டியிருக்கும் என்பதை அந்த ஆய்வு காட்டியது.