குறைபாட்டைக் காணுதல்: ஜியோலைட் வினையூக்கி ஆய்வில் நுண்ணோக்கியின் பங்கு

ஜியோலைட் வினையூக்கிகளின் கதையை ஓர் ஒழுங்கான வரிசையில் சொல்வது வழக்கம். சிலிக்கன், அலுமினியம், ஆக்ஸிஜன் அணுக்கள் கோத்து நிற்கும் சட்டகம் முதலில் அறியப்பட்டது. அதன் துளைகளின் அளவைக் கணக்கிட்டு, அந்தந்த வினைக்கு ஏற்ற படிகம் பின்னர் வடிவமைக்கப்பட்டது என்பது அந்த வரிசை. ஆவணங்கள் காட்டுவது வேறு. பீட்டா என்னும் ஜியோலைட்டுக்கு மோபில் நிறுவனத்தார் 1967இல் காப்புரிமை பெற்றார்கள். அதன் கட்டமைப்பு தெளிவானது 1988இல். இசட்எஸ்எம்-5 காப்புரிமை பெற்றது 1972இல். கட்டமைப்பு வெளியானது 1978இல். ஆக்குவது முந்தியது, காண்பது பிந்தியது. அப்படியானால் படமெடுக்கும் கலை வினையூக்கிக்கு என்ன செய்தது? சட்டகத்தை நமக்குக் காட்டியதைவிட, உண்மையான படிகம் அந்தச் சட்டகத்திலிருந்து எங்கே, எப்படி விலகுகிறது என்று காட்டியதே அதன் பெரிய பங்களிப்பு என்பது இக்கட்டுரையின் வாதம். படிகங்களை ஆக்கும் முறையே அந்த அறிவால்தான் மாறியது.

ஆக்கும் கலையின் திருப்பம் 1949இல், அமெரிக்காவின் டொனவாண்டாவில், யூனியன் கார்பைடு ஆய்வகத்தில் நிகழ்ந்தது. அதற்கு முன் ரிச்சர்ட் பேரர் பிரிட்டனில், இயற்கைக் கனிமங்கள் உருவாகும் சூழலை ஒட்டி, உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஜியோலைட்டுகளை வளர்த்துவந்தார். டொனவாண்டாவில் ராபர்ட் மில்டனோ, சோடியம் சிலிகேட்டையும் அலுமினேட்டையும் கலந்து பெற்ற புதிய காரஜெல்லை ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸிலேயே வைத்துப் படிகமாக்கினார். ஏ, எக்ஸ் ஆகிய வகைகள் இப்படிப் பிறந்தன. பின்னர் டொனால்டு பிரெக் ஒய் வகையைத் தந்தார். ஏ, எக்ஸ் வகைகள் 1954இல் விற்பனைக்கு வந்தன. வாயுக்களை உலர்த்தவும் பிரிக்கவும்தான் முதலில் பயன்பட்டன. மோபிலின் பிளாங்கும் ரோசின்ஸ்கியும் எக்ஸ் வகையிலிருந்து ஆக்கிய பெட்ரோலியப் பிளப்பு வினையூக்கி 1962இல் சுத்திகரிப்பாலைகளுக்குள் நுழைந்தது. அதுவரை அங்கே வேலை செய்த ஒழுங்கற்ற சிலிக்கா-அலுமினாவைவிடக் கூடுதல் பெட்ரோலை அது தந்தது. இதற்கிடையே ஜெல்லில் கரிம அம்மோனிய அயனிகளைச் சேர்க்கும் உத்தி 1961இல் வந்தது. பீட்டாவும் இசட்எஸ்எம்-5உம் அந்த உத்தியின் பிள்ளைகள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். லைனஸ் பாலிங்கும் டபிள்யூ. எச். டெய்லரும் 1930 வாக்கிலேயே எக்ஸ் கதிர் கொண்டு சில ஜியோலைட்டுகளின் சட்டகத்தைக் கண்டுவிட்டார்கள். ஆகவே வேதியியலாளர்கள் இருட்டில் கைவிட்டுத் துழாவவில்லை என்பார்கள். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1925இல் வைகலும் ஸ்டைன்ஹாஃபும் சாபசைட் கனிமம் நீரையும் எத்தனாலையும் உள்ளே விட்டு, அசிட்டோனையும் பென்சீனையும் தடுப்பதைக் கண்டிருந்தார்கள். மூலக்கூறுகளையே அளவுகோலாக்கித் துளையின் வாயை அளந்த அந்தப் பரப்புக்கவர்தல் சோதனை, ஜியோலைட் ஆய்வின் முதல் கண் என்றே சொல்லலாம். ஆனால் அது கோடிக்கணக்கான படிகங்களின் சராசரியைக் காணும் கண். ஒரு படிகத்தின் உள்ளே எங்கே ஒழுங்கு முறிகிறது என்று அதனால் சொல்ல முடியாது. அந்த வரம்பைப் பீட்டாவைப் போலத் தெளிவாகக் காட்டும் படிகம் வேறில்லை.

பீட்டாவின் எக்ஸ் கதிர்த் தூள் வரைவில் சில முகடுகள் கூர்மையாகவும் சில அகன்று மங்கியும் இருந்தன. பரப்புக்கவர்தலோ, பன்னிரண்டு சிலிக்கன், அலுமினிய அணுக்கள் சூழ்ந்த அகன்ற வாய் கொண்ட, அடைப்பில்லாத படிகத்தையே காட்டியது. இரண்டு சான்றுகளும் முரண்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றன. டிரேசியும் நியூசமும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களையும் எலக்ட்ரான் விளிம்பு விளைவையும் கணக்கீட்டோடு சேர்த்து 1988இல் முடிச்சை அவிழ்த்தார்கள். அதே ஆண்டு மோபிலின் ஹிக்கின்ஸ் குழுவும் அதே விடையை அடைந்தது. பீட்டா என்பது ஒரே படிக அமைப்பு அன்று. ஒரே மாதிரியான அடுக்குகள், ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து மூன்றிலொரு பங்கு இடமாகவோ வலமாகவோ விலகி, ஏறக்குறைய எந்த ஒழுங்குமின்றி அமர்கின்றன. இடமும் வலமும் மாறி மாறி வந்தால் ஒரு வடிவம். ஒரே பக்கமாகவே விலகினால் இன்னொன்று. நிஜப் படிகத்தில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. இந்தப் பிறழ்வு அகன்ற துளைகளை அடைப்பதில்லை. மூலக்கூறுகள் தடையின்றி நுழைந்ததால் பரப்புக்கவர்தல் இந்தக் கோளாற்றை உணரவே இல்லை; எக்ஸ் கதிர் மட்டும் மங்கியது. முரண்பட்ட இரு சான்றுகளும் ஒரே விளக்கத்தில் பொருந்தின. இந்தத் துறையின் மிக அழகான தீர்வுகளுள் ஒன்றாக இதை நான் கருதுகிறேன்.

இத்தனை தாமதத்துக்குக் காரணம் அக்கறையின்மை அல்ல. எலக்ட்ரான் கற்றை பட்டால் ஜியோலைட் குலைந்துபோகிறது. அலுமினியம் மிகுந்த வகைகள் இன்னும் விரைவாகக் குலைகின்றன. இதைத் தாண்டி பர்சில், லாட்ஜ், ஜான் மெய்ரிக் தாமஸ் ஆகியோர் 1980இல் சட்டகத்தின் துளைகளை நேரடியாகப் படமெடுத்தார்கள். 1982இல் தாமஸும் மில்வார்டும், இசட்எஸ்எம்-5 படிகத்துக்குள் வேறொரு சட்டகமான இசட்எஸ்எம்-11இன் கீற்றுகள் ஊடுருவிக் கிடப்பதைக் காட்டினார்கள். கற்றையே சிதைத்த ஒன்றை நம்பலாமா என்று கேட்பது நியாயம். சிதைவு படிகத்தின் ஒழுங்கை அழித்து அதை உருவமற்றதாக்கும். இருவேறு சட்டகங்கள் கூர்மையான எல்லையில் பொருந்தி நிற்கும் படத்தை அது உருவாக்காது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. டிஎன்யு-9 (2006), ஐஎம்-5 (2007) ஆகிய ஜியோலைட்டுகளின் சட்டகங்களில் தனித்தனியே 24 வெவ்வேறு சிலிக்கன் இடங்கள் உண்டு. தூள் வரைவோடு எலக்ட்ரான் நுண்ணோக்கியும் துணைநின்றதால்தான் அவை தீர்ந்தன. அப்படியிருக்க, நுண்ணோக்கியின் கொடை சட்டகம் அன்று என்று எப்படிச் சொல்வது? அந்த வெற்றிகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஆலைகளில் பெருமளவு ஓடும் வினையூக்கிகளைப் பொறுத்தவரை கேள்வி வேறு இடத்தில் இருந்தது. பிளப்பு வினைக்கான ஒய் வகையைச் சூடான நீராவியில் பக்குவப்படுத்தும்போது அலுமினியம் சட்டகத்தை விட்டு வெளியேறி, உள்ளே பெரிய வெற்றிடங்கள் உண்டாகின்றன. சுமார் 7.4 ஆங்ஸ்ட்ராம் மட்டுமே அகலமான இயல்பு வாய்களுக்குப் பதிலாக, கனத்த எண்ணெய் மூலக்கூறுகளுக்கு இவை அகன்ற பாதைகளாகும் என்று எதிர்பார்த்தார்கள். 2000, 2001 ஆண்டுகளில் யூட்ரெக்டின் டி யோங் குழுவினர் எலக்ட்ரான் முப்பரிமாணப் படத்தொகுப்பால் பார்த்தபோது, அவ்வெற்றிடங்களில் கணிசமானவை வெளிப்பரப்பை எட்டாமல் படிகத்துக்குள்ளேயே குகைகளாக மூடிக்கிடந்தன. மொத்தக் கொள்ளளவை மட்டும் அளந்தால் குகையும் பாதையும் ஒன்றுதான். மூலக்கூறுக்கு அவை ஒன்றல்ல.

சில படிகங்களின் படத்தை வைத்து டன் கணக்கான வினையூக்கியைப் பற்றிப் பேசலாமா என்பார்கள். படம் மட்டும் போதாது. விகிதத்தைச் சராசரி அளவீடுதான் சொல்ல வேண்டும். ஆனால் எதை அளக்க வேண்டும் என்பதைப் படம் சொல்கிறது. சவப்பெட்டி வடிவில் வளரும் பெரிய இசட்எஸ்எம்-5 படிகங்களை யூட்ரெக்டின் வெக்ஹுய்சன் குழு ஒளிர்வு நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, ஒற்றைப் படிகமாகத் தோன்றியவை திசை திரும்பிய பல துண்டுகளின் கூட்டு என்றும், அவற்றின் இணைப்புகள் மூலக்கூறின் ஓட்டத்தைத் தடுக்கின்றன என்றும் தெரிந்தது. இத்தகைய இணைப்புகளைக் கடந்து செல்லும் நீண்ட பாதையே தடை என்றால், பாதையைச் சுருக்க வேண்டும். தென்கொரியாவில் ரியோங் ரியூவின் குழு 2009இல், நீண்ட கொழுப்பு வாலும் இரண்டு அம்மோனியத் தலைகளும் கொண்ட மூலக்கூறை ஜெல்லில் சேர்த்து, 2 நானோமீட்டர் தடிமனே உள்ள இசட்எஸ்எம்-5 தகடுகளை வளர்த்தது. மெத்தனாலைப் பெட்ரோலாக்கும் வினையில், கரி படிந்து செயலிழக்கும் நேரம் இத்தகடுகளில் வெகுவாகத் தள்ளிப்போயிற்று.

2021இல் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் ஃபெய் வெய் குழு, இசட்எஸ்எம்-5இன் துளைகளில் அமர்ந்திருக்கும் தனித்தனி பாரா-சைலீன் மூலக்கூறுகளையே குறைந்த எலக்ட்ரான் அளவில் படமெடுத்தது. இருந்தும் வினை நடக்கும் அமில இடம், அதாவது சட்டகத்தில் அலுமினியம் உட்கார்ந்திருக்கும் இடம், நேரடியாகப் பிடிபடுவது கடினம். தனிம அட்டவணையில் அடுத்தடுத்து நிற்கும் சிலிக்கனும் அலுமினியமும் எலக்ட்ரானுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிகின்றன. 2020இல் யு ஹான் குழு, கனமான மாலிப்டினம் அணுக்களைத் துளைகளில் பதித்து, அவை நிற்கும் இடங்களைக் கொண்டு அலுமினியத்தின் இருப்பிடத்தை ஊகித்தது. ஒரே சட்டகமும் ஒரே சிலிக்கன்-அலுமினிய விகிதமும் கொண்ட இரு படிகங்கள் ஒரே வினையில் வேறுவேறாக நடந்துகொள்வதற்கு அலுமினியத்தின் இந்தப் பரவல் ஒரு முக்கியக் காரணம். ஆகவே அதை மறைமுகமாக அல்லாமல் இடம் இடமாகப் படத்தில் காண்பதும், காண்பதற்கேற்ப ஜெல்லின் சேர்மானத்தை மாற்றுவதுமே இத்துறையின் அடுத்த வேலை.