மையும் தூளும்: ஒரு பிரிண்டர் வாங்கப் போன கதை

எங்கட வாசிப்பு வட்டத்துக்கு ஒரு பிரிண்டர் வாங்குவம் எண்டு முடிவெடுத்தபோது நாங்கள் விலையை மட்டும்தான் பார்த்தோம். கடையில் இருந்ததிலேயே மலிவான, ஸ்கானரும் சேர்ந்த கலர் இங்க்ஜெட். மூன்று மாதம் நல்லா வேலை செய்தது. பிறகு சோதனைக் காலம், ஒருத்தரும் அந்தப் பக்கம் போகவில்லை. திரும்ப வந்து அடித்துப் பார்த்தால் எழுத்துக்கு நடுவே வெள்ளைக் கோடுகள். மை காய்ந்து துளைகள் அடைபட்டுவிட்டன. புதுக் கார்ட்ரிட்ஜ் இரண்டின் விலை கிட்டத்தட்ட அந்தப் பிரிண்டரின் விலை! இது என்ன கணக்கு எண்டு தேடப் போய்த்தான் இந்தப் பழைய கதைகளுக்குள் விழுந்தோம்.

லேசர் பிரிண்டரின் கதை, லேசர் என்ற ஒன்று வருவதற்கு முன்பே தொடங்குகிறது. செஸ்டர் கார்ல்சன் நியூயோர்க்கில் ஒரு கொம்பனியின் காப்புரிமைப் பிரிவில் வேலை செய்தவர். ஆவணங்களைப் பிரதி எடுத்து எடுத்து அலுத்துப்போனவர், மூட்டுவாதமும் கூட. 1938 ஒக்டோபர் 22, அஸ்டோரியாவில் ஒரு வாடகை அறையில், உதவியாளரோடு சேர்ந்து, கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றினார். எழுத்து எழுதிய கண்ணாடியை மேலே வைத்து வெளிச்சம் காட்டினார். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னேற்றம் போய்விட்டது. எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் தங்கியது. அதன்மேல் தூள் தூவ, எழுத்தில் ஒட்டியது. அதை மெழுகுத் தாளில் எடுத்துச் சூடாக்கினார். முடிந்தது. பின்னாளில் இந்த முறைக்குக் கிரேக்கச் சொற்களிலிருந்து 'உலர் எழுத்து' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். ஸெரொக்ஸ் என்ற கொம்பனிப் பெயர் அதிலிருந்து வந்ததுதான். இந்த 'உலர்' என்ற சொல்லை ஞாபகத்தில் வைத்திருங்கோ.

அதே ஸெரொக்ஸில் 1960களின் கடைசியில் கேரி ஸ்டார்க்வெதர் என்ற பொறியியலாளர், தாளில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்துக்குப் பதிலாக லேசரால் நேரடியாக எழுதினால் என்ன எண்டு யோசித்தார். மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. அவர் 1971இல் அதே கொம்பனியின் பாலோ ஆல்டோ ஆய்வுகூடத்துக்கு மாறிப் போய்த்தான் அதைச் செய்து முடித்தார். 1977இல் வந்த ஸெரொக்ஸ் 9700 நிமிசத்துக்கு 120 பக்கம் அடித்தது. வீட்டுக்குள் கொண்டுவரக்கூடிய சாமான் இல்லை அது.

அதே 1977இல் ஜப்பானில் கெனன் ஆய்வுகூடத்தில் இன்னொன்று நடந்தது. இச்சிரோ எண்டோ என்பவர் வேலை செய்துகொண்டிருந்த இடத்தில், மை நிரப்பிய ஊசியில் சூடான சோல்டரிங் அயன் தவறுதலாகப் பட்டுவிட்டது. மை பீறிட்டுப் பாய்ந்தது. சூடு பட்டதும் மைக்குள் ஒரு குமிழி உருவாகி, அது துளியை வெளியே தள்ளுகிறது. அமெரிக்காவில் எச்.பி. கொம்பனியின் ஜோன் வோட்டும் கிட்டத்தட்ட அதே காலத்தில் இதே வழிக்கு வந்து சேர்ந்தார்.

இனி 1984. எச்.பி. ஒரே வருடத்தில் இரண்டையும் சந்தைக்கு விட்டது. கெனனின் இயந்திரத்தை உள்ளே வைத்த லேசர்ஜெட் 3,495 டொலர். திங்க்ஜெட் என்ற இங்க்ஜெட் 495 டொலர். ஒன்று ஒஃபிசுக்கு, மற்றது வீட்டுக்கு என்ற பிரிப்பு இந்த ஏழு மடங்கு வித்தியாசத்தில்தான் உறுதியானது என்று எங்களுக்குப் படுகிறது. சூடேறும் தலை தேய்ந்துபோகும் என்பதால், திங்க்ஜெட்டில் தலையையும் மையையும் ஒரே கார்ட்ரிட்ஜில் வைத்து, மை முடிய எறிந்துவிடச் செய்தார்கள். அது நல்ல பொறியியல். ஆனால் பிறகு கொம்பனிகள் மெஷினை மலிவாக்கி, லாபத்தை மையில் எடுக்கப் பழகிக்கொண்டன. எங்கட கணக்குப் பிழைச்சதும் அங்கதான்.

பாவனையாளர்கள் சும்மா இருக்கவில்லை. இந்தோனேசியாவில் பிரிண்டருக்குப் பக்கத்தில் போத்தல் வைத்து, குழாய் பூட்டி, மலிவு மையை ஊற்றி ஓட்டினார்கள். கடைசியில் 2010இல் எப்சன் தானே மைத் தொட்டி வைத்த பிரிண்டரை அங்கேதான் முதலில் விற்றது. லேசரிலும் இதே சண்டைதான். விற்றுவிட்ட டோனர் கார்ட்ரிட்ஜை மறுபடி நிரப்பி விற்பவர்களைக் காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்று லெக்ஸ்மார்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது.

சரி, எதை வாங்குறது? நோட்ஸ், பாஸ்ட் பேப்பர், கடிதம் மாதிரி எழுத்துத்தான் கூட எண்டால் கறுப்பு வெள்ளை லேசர். மாதக்கணக்கில் தொடாமல் விட்டாலும் டோனர் காயாது, அது ஏற்கெனவே உலர்ந்த தூள்தானே. படம், கலர் எண்டால் தொட்டி வைத்த இங்க்ஜெட். ஆனால் கிழமைக்கு ஒருக்காவாவது ஒரு கலர்ப் பக்கம் அடிக்க வேண்டும். கரண்டையும் யோசிக்க வேணும். லேசர் தூளை உருக்கித் தாளில் ஒட்ட வைக்கிறது, அதற்குச் சில நூறு வாட்ஸ் இழுக்கும். சின்ன யூபிஎஸ்ஸில் பூட்டாதீங்கோ. இங்க்ஜெட்டுக்கு அதில் ஒரு சிறு பங்கு போதும். 13 மணித்தியால மின்வெட்டையும், தாளும் மையும் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போனதையும் 2022 மார்ச்சில் பார்த்த எங்களுக்கு இதெல்லாம் சின்ன விசயம் இல்லை.

நாங்கள் கடைசியில் பாவித்த லேசர் ஒன்றை வாங்கினோம். பழைய இங்க்ஜெட்டை ஸ்கானராகவாவது வைத்திருப்பம் எண்டு பார்த்தால், மை இல்லாமல் ஸ்கான் செய்யவும் மாட்டுதாம்.