லெகோ பெட்டி முதலீடு

டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரைச் சேர்ந்த லெகோ நிறுவனத்தின் கட்டுமானப் பொம்மைத் தொகுப்புகளை வாங்கி, பிரிக்காமல் வைத்திருந்து, பின்னாளில் கூடுதல் விலைக்கு விற்கும் வழக்கம். பெரும்பாலான தொகுப்புகள் சில ஆண்டுகளே கடையில் இருக்கும். பிறகு தயாரிப்பு நின்றுவிடும். சேகரிப்பாளர்கள் இதைத் தொகுப்பு 'ஓய்வுபெற்றது' என்பார்கள். விலை ஏறத் தொடங்குவது பெரும்பாலும் அதன் பிறகுதான்.

மாஸ்கோ உயர் பொருளியல் பள்ளியின் ஆய்வாளர்கள் இருவர், 1987 முதல் 2015 வரையிலான தொகுப்புகளை ஆராய்ந்து, சராசரி ஆண்டு ஆதாயம் ஏறத்தாழ 11 விழுக்காடு என்றனர். பங்குச்சந்தையே பொறாமைப்படும் எண்தான். ஆனால் அது சராசரி, நட்டத்தில் முடிந்த பெட்டிகளும் அதில் அடக்கம்.

தாஜ்மகால் தொகுப்பின் கதை இதற்கு நல்ல சான்று. 2008-இல் 5,922 துண்டுகளுடன், அமெரிக்காவில் சுமார் 300 டாலருக்கு வந்தது. நிறுத்தப்பட்டபின் மறுவிற்பனை விலை பல மடங்கானது. 2017-இல் நிறுவனம் ஒரேயொரு துண்டு கூடுதலாக, வேறு எண்ணில் அதையே மீண்டும் வெளியிட்டது. பழைய பெட்டியைப் பூட்டி வைத்திருந்தவர்களின் கணக்கு சரிந்தது.

வாங்குபவர் முதலில் பார்ப்பது பெட்டியின் ஒட்டு முத்திரையை, அடுத்து மூலைகளை. மூலை நசுங்கினாலோ, ஈரத்தில் அட்டை உப்பினாலோ, வெயிலில் படம் வெளுத்தாலோ விலை குறையும். பிரித்த தொகுப்புகளுக்கும் உதிரித் துண்டுகளுக்கும் தனிச் சந்தை உண்டு. அவற்றில் பேர்போன இணையச் சந்தையான பிரிக்லிங்க்கை 2019-இல் லெகோவே வாங்கிக்கொண்டது.